நமக்காகத்தான் மேளம், இறங்குங்க!

கைடு வேலைக்கு வாய் இருந்தால் போதும், மூளை பின்னால் மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும் என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது மைசூரில் சொந்தமாக இரண்டு வண்டி வைத்து டூர் நடத்துகிறேன். வேலை கேட்டு வருகிறவர்களிடம் அரண்மனையைப் பற்றியோ சாமுண்டி மலையைப் பற்றியோ நான் கேட்பதில்லை. "போற வழியில மேளச் சத்தம் கேட்டா என்ன பண்ணுவே?" என்றுதான் கேட்பேன். முழிப்பார்கள். "பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கு முன்னாடி அது எதுக்கு அடிக்கிற மேளம்னு விசாரிப்பேன்னு சொல்லணும்" என்று நானே பதிலையும் சொல்லிவிடுவேன். இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நினைக்கட்டும். பட்டவனுக்குத்தானே தெரியும்.

நான் மைசூர்த் தமிழன். அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் கன்னடம், சண்டை வந்தால் இரண்டும். பெயரே மஞ்சுநாத். தமிழ் நன்றாகப் பேசுவேன் (என்று நினைத்துக்கொண்டிருந்தேன்). எழுத்தைக் காட்டினால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தத் தமிழை நம்பித்தான் ஒரு டிராவல்ஸ் ஓனர் என்னை வேலைக்கு எடுத்தார். அரண்மனையும் மிருகக்காட்சி சாலையும் பார்த்து அலுத்துப்போன தமிழ்நாட்டு ஆட்களுக்காக அவர் 'கிராம தரிசனம்' என்று புதிதாக ஒரு டூர் ஆரம்பித்திருந்தார். மைசூரில் காலையில் கிளம்பி, கொள்ளேகால், ஹனூர் வழியாக மார்டள்ளிப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே மேளதாளத்தோடு வரவேற்பு, மாலை மரியாதை, களியும் கீரையும் சாப்பாடு, நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. அப்புறம் கோபிநத்தம், காவேரிக்கரை, பரிசல்.

"அந்தப் பக்கமெல்லாம் தெரியுமா?" என்றார் ஓனர்.

"நம்ம ஊரே அந்தப் பக்கந்தான் சார்" என்றேன் கூசாமல். அந்தப் பக்கம் நான் போயிருந்தது ஒரே தடவை. மலை மாதேஸ்வரன் கோவிலில் எனக்கு மொட்டை போடுவதற்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் தூங்கினேனாம், மலையில் மட்டும் கத்தினேனாம்.

"ஊர்ல ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். பந்தல் போட்டு, மேளம் வெச்சு ரெடியா இருப்பாங்க. மேளச் சத்தம் எங்க கேக்குதோ அங்க எறக்கு. அவ்வளவுதான் உன் வேலை."

அவ்வளவுதான் என் வேலை. அதைத்தான் நான் செய்தேன் என்பதை இந்த இடத்திலேயே பதிவு செய்து வைக்கிறேன்.

எனக்கு வாய்த்த முதல் கூட்டம் மேட்டூர்ப் பக்கத்து நடைப்பயிற்சி நண்பர்கள் குழு. பெயரில்தான் நடை. ஓட்டல் வாசலிலிருந்து பஸ்ஸுக்கு நடக்கச் சொன்னால் "பஸ்ஸக் கொஞ்சம் முன்னால கொண்டாரச் சொல்லு தம்பி" என்பார்கள். தலைவர் குப்புசாமி, ரைஸ்மில்லை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். வேட்டிக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். ஊரிலிருந்து வரும்போதே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக் கொண்டுவந்திருந்தார். குழு உறுப்பினர் எல்லோருடைய முகமும் வட்டவட்டமாக, நடுவில் அவர் கைகூப்பியபடி பெரிதாக, கீழே தமிழில் நிறைய எழுத்து. அதை பஸ்ஸின் முகப்பில் கட்டியே தீர வேண்டும் என்று நின்றார். டிரைவர் சிவண்ணா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

குப்புசாமியின் மனைவி ராஜாமணி அம்மா முதல் நாள் சாயங்காலம் பட்டுச்சேலைக் கடையில் குழு முழுவதையும் காக்க வைத்து ஒரு மைசூர்ப் பட்டு எடுத்திருந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. மகளின் வளைகாப்புக்கு. அந்தப் பை அவர் மடியை விட்டு இறங்கவே இல்லை. "மேல வெச்சுடட்டுமாம்மா?" என்று கேட்டதற்கு, "வேண்டாஞ்சாமி, எவனாவது சூட்கேஸத் தூக்கி மேல போட்டான்னா பட்டு என்னத்துக்காவும்?" என்றார். மற்றவர்கள் தேவராஜா மார்க்கெட்டில் ஊதுபத்தியும் மல்லிகையும் வாழைப்பழமுமாக வாங்கிக் குவித்திருந்தார்கள். பஸ்ஸுக்குள் நுழைந்தால் கோவில் வாசனை.

வழியெல்லாம் நான் மைக்கை விடவில்லை. தெரியாத மலைக்கெல்லாம் பெயர் வைத்தேன். பாழடைந்த சுவர் ஒன்றைக் காட்டி, திப்பு சுல்தான் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய இடம் என்றேன். "அதுக்குள்ள எருமையல்ல நிக்குது" என்றார் பின் சீட்டில் ஒருவர். "இப்ப எருமைக்குக் குடுத்துட்டாங்க சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கைடு என்றால் நான்தான் கைடு என்று நினைத்துக்கொண்டேன்.

மார்டள்ளி வருவதற்கு முன்னால் ஒரு ஊர். பெயர் வேண்டாம், இப்போதும் அங்கே போய்வந்துகொண்டிருக்கிறேன். தூரத்திலேயே மேளம் கேட்டது. பஸ் வளைந்ததும் தெருவை மறித்து சாமியானா பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஊர்க்கூட்டம். ஒரு வீட்டு வாசலில் பெரிய கட்டை ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பட்டப்பகலிலேயே நெருப்பு மூட்டிவிட்டார்களே, என்ன கடமை உணர்ச்சி என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

மைக்கைப் பிடித்தேன். "பாருங்க, பாருங்க! நமக்காகத்தான் மேளம்! எல்லாரும் எறங்குங்க!"

சிவண்ணா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் கதவைத் திறந்து குதித்துவிட்டேன்.

எங்கள் தெருவில் மேளம் என்றால் பிள்ளையார் ஊர்வலம். பிள்ளையார் ஊர்வலம் என்றால் நான் ஆடுவேன். அன்றைக்கும் ஆடினேன். கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நான் இறங்கிய வேகத்தைப் பார்த்து மேளக்காரர்கள் முதலில் திகைத்தார்கள். அப்புறம் இன்னும் பலமாக அடித்தார்கள். (சாவு வீட்டில் குடித்துவிட்டு ஆடுகிற சொந்தக்காரர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அன்றைக்கு அந்த இடம் காலியாக இருந்திருக்க வேண்டும்.) ஆடி முடித்துப் பார்த்தால், வாசலில் வரிசையாக நின்றிருந்த ஆண்கள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்கள். எழவு வீட்டில் அப்படி நீட்டும் கையைப் பேசாமல் தொட்டுவிட்டு நகர வேண்டும். அது எனக்கு எங்கே தெரியும்? ஒவ்வொரு கையையும் பிடித்துக் குலுக்கி, "தேங்க்ஸ் அண்ணா, ரொம்ப தேங்க்ஸ், அரேஞ்ச்மென்ட் சூப்பர்" என்றேன். ஒரு பெரியவர் மட்டும் கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

திரும்பிப் பார்த்தேன். நடைப்பயிற்சி நண்பர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே கல்லாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ராஜாமணி அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அடப்பாவி, இது எழவூடு தம்பி!"

"என்னம்மா?"

"எழவூடு! உள்ள பொணங் கெடக்குது!"

பின்னாலேயே சிவண்ணாவும் வந்து, சாவு வீட்டிலா ஆடுகிறாய் என்று கன்னடத்தில் கத்தினார். "ஏனப்பா குணீத்தா இத்தீயா? சாவின மனெ இது!" இரண்டு பாஷையிலும் ஒரே நேரத்தில் மானம் போன கைடு கர்நாடகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லோரையும் பஸ்ஸில் திணித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நான் நினைத்த அதே நேரத்தில், பந்தலுக்குள்ளிருந்து ஒரு பெண் கையை நீட்டிக் கத்தினாள்.

"வந்துட்டாங்கோ! பழனியம்மா, உன்ற பொறந்தூட்டுச் சனம் வந்துட்டாங்கடி! பஸ்ஸு வெச்சுக்கிட்டு வந்துட்டாங்கடி!"

அவ்வளவுதான். உள்ளேயிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஓடிவந்து எங்கள் பெண்களைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். கட்டிப்பிடித்து அழுகிறவளை உதறிவிட்டு, "நாங்க டூருக்கு வந்தவங்க" என்று சொல்ல ஒருத்திக்காவது வாய் வர வேண்டுமே! வரவில்லை. முதலில் நெளிந்தார்கள். அப்புறம் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் இன்னொருத்தி, "ஆத்தத் தாண்டி வந்தவளே, ஆருமில்லாப் போனவளே" என்று குரலெடுத்தாள். காலையில் பஸ்ஸில் கைதட்டி சினிமாப் பாட்டுப் பாடியவள்தான் அவள்.

கடைசியாக உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். தலைமுடி கலைந்து, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இறந்து போனவரின் ஒரே மகள், செல்வி. அவள் பஸ்ஸைப் பார்த்தாள், ஆடி வியர்த்திருந்த என்னைப் பார்த்தாள், நேராக ராஜாமணி அம்மாவிடம் போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதில் என்னவோ சொன்னாள். ராஜாமணி அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரும் அழ ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு மாதம்மா என்கிற பெண்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். (என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்துச் சொன்னாள்.) பழனியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டூர் போகிற வழியில் ஏதோ ஊர். இந்த ஊர்க்காரர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றோடு பிறந்த வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள். புருஷன் செத்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

"கொழாயடிச் சண்டையில ஆராவது 'கேக்க நாதியத்தவ'ன்னு சொல்லிப்போட்டாப் போதும். 'நாஞ் செத்தா எங்கண்ணன் கோடி கொண்டாந்து போடுவான், அப்ப பாருங்கடி'ம்பா. அதே பேச்சுத்தான் எப்பவும்" என்றாள் மாதம்மா. "நேத்து போன் பண்ணதுக்கு வாரோம்னு சொன்னாங்களாம். அப்பறம் போனே எடுக்கல. பொழுது உச்சிக்கு வந்தா கோடி இல்லாமயே எடுத்தறலாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அந்தப் புள்ள கால்ல விழுவாத கொறையா இன்னுங் கொஞ்ச நேரம், இன்னுங் கொஞ்ச நேரம்னு கெஞ்சிக்கிட்டிருந்துச்சு. கோடி இல்லாம எடுத்தா அநாதப் பொணம்னுதான சொல்லுவாங்க? நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணங்காச்சின்னா, தாய்மாமன் எங்கன்னு கேக்க மாட்டாங்களா? நல்லவேளை, நீங்க வந்தீங்க சாமி."

பிறந்த வீட்டுக் கோடி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எத்தனை வருஷம் ஆனாலும், எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும், பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து அவள்மேல் விழ வேண்டும். அவளுக்கென்று ஒரு வீடு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தச் சேலைக்காகத்தான் ஊரே காத்திருந்தது. அதற்குப் பதில் நான் வந்து குதித்து ஆடியிருக்கிறேன்.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த குப்புசாமியிடம் போனேன்.

"சார், தப்பு நடந்துபோச்சு. எல்லாரையும் மெல்ல ஏத்திடலாம் சார்."

"ஏத்து ஏத்துங்குற, எறக்குனது ஆருடா? நமக்காகத்தான் மேளம்னு மைக்குல கூவுனயே, போ, இப்பப் போயி இல்லீன்னு கூவு!"

"நானா சார்?"

"பின்ன நானா? நெசமாவே அவிய சனம் வந்துட்டா நம்மளக் கட்டி வெச்சு ஒதைப்பாங்கடா. எழவூட்டுல போயி பொய் சொல்றதா? எனக்கு இப்பவே நெஞ்சு படபடங்குது. என்ற மாத்திரை எங்க?"

மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது ராஜாமணி அம்மா வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாதம்மா சொன்ன கதை பந்தலில் அழுத பெண்கள் வழியாக அவர் காதுக்கும் வந்திருந்தது. பஸ்ஸில் ஏறினார், தன் சீட்டிலிருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினார், மாம்பழ மஞ்சள் பட்டை எடுத்துக் குப்புசாமியின் கையில் வைத்தார்.

"இந்தாங்க. நீங்கதான் அண்ணன்."

"ஏய், இது பாப்பா வளைகாப்புச் சேலை!"

"பாப்பாவுக்கு நாளைக்கு எடுத்துக்கலாம். இவளுக்கு நாளைக்கு இல்ல."

"நமக்கும் இவியளுக்கும் என்ன ஒட்டு ராஜாமணி? ஊருப் பெரியவங்க கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயே தொறக்க வேண்டாம். போயி, போட்டு, கும்பிட்டுட்டு வாங்க. நான் பேசிக்கறேன்."

நாற்பது வருஷமாக வீட்டில் நடந்துகொண்டிருந்த ஏற்பாடு அதுதான் போலிருக்கிறது. குப்புசாமி கேன்வாஸ் ஷூவைக் கழற்றினார்.

கோடியைக் கையில் சும்மா தூக்கிக்கொண்டு போகக் கூடாதாம். தட்டு வேண்டும். முறுக்கு டப்பாவின் எவர்சில்வர் மூடியைத் துடைத்துக் கொடுத்தேன். அதில் பட்டை வைத்தார்கள். தேவராஜா மார்க்கெட் மல்லிகை அத்தனையும் மேலே வந்து விழுந்தது. வாழைப்பழம் வந்தது. ஆளாளுக்கு வாங்கி வைத்திருந்த ஊதுபத்திக் கட்டுகளைப் பிரித்துக் கொளுத்தினார்கள். மைசூரில் வாங்கியதெல்லாம் அந்தத் தட்டைச் சுற்றி வந்துவிட்டது. சிவண்ணா தன் பையிலிருந்து பிரிக்காத துண்டு ஒன்றை எடுத்துக் குப்புசாமியின் தலையில் உருமாலாகக் கட்டினார். கோடி வருகிறது என்று தெரிந்ததும் மேளக்காரர்கள் பஸ்ஸண்டையே வந்து எங்களுக்கு முன்னால் நின்று அடிக்க ஆரம்பித்தார்கள். இப்போது நிஜமாகவே எங்களுக்காகத்தான் மேளம். என்னால் காலை எடுத்து வைக்க முடியவில்லை.

பந்தலுக்குள் அந்தப் பெரியவர், என்னிடமிருந்து கையை விடுவித்துக்கொள்ளச் சிரமப்பட்டவர், குறுக்கே வந்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க பழனியம்மாளுக்கு என்ன வகையில..."

ராஜாமணி அம்மா ஒரு அடி முன்னால் வந்தார்.

"அழுவ வந்த எடத்துல வகை கேக்கறீங்களே பெரியவரே. இருவது வருசமா உங்க ஊர்ல இருந்தாளே, அவளுக்கு நீங்க என்ன வகைன்னு அவ ஒரு நாளு கேட்டாளா?"

பெரியவர் நகர்ந்து வழிவிட்டார்.

பழனியம்மா மிகச் சிறிய உருவம். வெளுத்துப்போன நூல் சேலை கட்டியிருந்தார்கள். குப்புசாமி பட்டை உதறி விரித்து அவர்மேல் போட்டார். வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அவர் கும்பிட்டார். நகரவில்லை. குனிந்து, சேலையின் கரையைக் கால்மாட்டில் நீவிவிட்டு, "மன்னிச்சுக்க அம்மிணி, வர நேரமாயிப்போச்சு" என்றார். சொல்லிவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பந்தலில் யார் ஊர், யார் டூர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் அழுதேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது. செல்வி மட்டும் அழவில்லை. அம்மாவின் மேல் கிடந்த பட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குழாயடிப் பெண்கள் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

நிஜ அண்ணன் கடைசிவரை வரவில்லை. கோடி போட்ட அண்ணன் சுடுகாடு வரை போக வேண்டும். தலைவர் போனால் குழுவும் போக வேண்டும். சுடுகாடு ஊருக்கு வெளியே, ஏரிக்கரை தாண்டி. நடைப்பயிற்சி நண்பர்கள் குழு தன் பெயருக்கு ஏற்றபடி நடந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்ததும் அடுத்த பிரச்சினை. எழவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். மாற்றுத்துணி மைசூர் ஓட்டலில். ஊர்க்காரர் ஒருவர் தோட்டத்து மோட்டாரைப் போட்டுவிட்டார். பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு, கட்டிய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஓனர் போன்.

"எங்கய்யா இருக்கீங்க? மேளக்காரங்க அங்க மாலையோட காஞ்சுக்கிட்டிருக்காங்க, பஸ்ஸே வரலேங்கிறாங்க!"

"வரவேற்பு முடிஞ்சிடுச்சு சார்."

"எந்த ஊர்ல?"

"முந்தின ஊர்ல சார்."

"முந்தின ஊர்ல யாரு வரவேற்பு குடுத்தா? இப்ப என்ன பண்றாங்க?"

"குளிச்சுக்கிட்டிருக்காங்க சார்."

"ஆத்துலயா? அதுக்குள்ள பரிசலுக்குப் போயிட்டீங்களா?"

"இல்ல சார். மோட்டார்ல."

ஓனர் அப்புறம் கன்னடத்தில் பேசினார். அதை இங்கே சொல்ல முடியாது.

கோபிநத்தமும் இல்லை, பரிசலும் இல்லை. ஈரத்துணியோடு மெத்தை சீட்டில் உட்கார்ந்து, ஏசியை நிறுத்தச் சொல்லி, தும்மிக்கொண்டே மைசூர் வந்து சேர்ந்தோம். வழியில் நான் மைக்கைத் தொடவில்லை. ஒருவரும் என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ராஜாமணி அம்மாவின் மடி காலியாக இருந்தது. கை மட்டும் பழையபடி பையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் மடியிலேயே இருந்தது.

ஓட்டல் வாசலில் ஓனர் காத்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குப்புசாமியிடம் கையைப் பிசைந்தார். "சார், பையன் புதுசு. இன்னிக்கே அவனை..."

"பையனுக்கு என்னங்க?" என்றார் குப்புசாமி. தலையில் இன்னும் சிவண்ணாவின் துண்டு. "நோட்டீஸ்ல போட்டபடியே எல்லாம் நடந்துச்சுங்க. மேளம், தாளம், மரியாதை. ஒரு கொறையுமில்ல." சொல்லிவிட்டு ஒரு தும்மல் போட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் மிருகக்காட்சி சாலை டூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாரும் மேளம் அடிக்க மாட்டார்கள் என்று ஓனர் நினைத்திருப்பார்.

இரண்டு வருஷம் கழித்துக் குப்புசாமியிடமிருந்து போன். "கைடு தம்பி, பஸ் ஒண்ணு வேணும். தாய்மாமன் சீர் கொண்டு போறோம்."

"யாருக்கு சார்?"

"ஆருக்கா? செல்விக்குத்தான். கோடி போட்டதோட முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சயா? பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணி 'மாமா நல்லாருக்கீங்களா'ங்குது. கல்யாணத்துக்குத் தாய்மாமன் போகாம இருக்க முடியுமா? எல்லாம் உன்னாலதான்டா." குரலில் கோபம் இருந்த மாதிரி இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணுதான் உறுத்துது தம்பி. நாம பொறந்தூட்டு ஆளுங்கன்னு அந்தப் புள்ள நம்பிக்கிட்டிருக்குது. ஏமாத்திப்போட்டமேன்னு ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது."

கல்யாணம் அதே ஊரில். மாப்பிள்ளை கோபிநத்தம். சீர்த்தட்டுகளோடு பஸ் போய் நின்றது. முகப்பில் அதே பழைய பேனர். நாதஸ்வரமும் மேளமும் எங்களை அழைக்க வந்து நின்றன. பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இறங்கி, மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு வந்து, "நமக்காகத்தான், எறங்கலாம்" என்றேன். பஸ்ஸே சிரிப்பில் ஆடியது.

சாப்பாடு முடிந்ததும் மணப்பெண்ணிடம் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடுன அண்ணன்தான நீங்க?"

"அம்மா, அன்னைக்கு நான் பண்ணது..." என்று ஆரம்பித்தேன். குப்புசாமி தூங்காமல் கிடப்பது என் நெஞ்சில் இருந்தது. "நாங்க உங்க பாட்டி வீட்டு ஆளுங்க இல்லம்மா. நீங்க நம்பிட்டீங்க. நாங்க சொல்லாம விட்டுட்டோம்."

"நான் எப்பங்ண்ணா நம்புனேன்?" என்றாள் செல்வி. "பஸ்ஸு வந்து நின்னப்பவே படிச்சனே. 'நடைப்பயிற்சி நண்பர்கள் குழு, இன்பச் சுற்றுலா'ன்னு அந்த பேனர்லதான போட்டிருக்குது."

அவள் தெருவில் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இங்க எல்லாரும் தமிழ்தாண்ணா பேசறோம். ஆனாப் படிச்சதெல்லாம் கன்னடம். தமிழு எழுத்து ஆருக்கும் தெரியாது. போட்டோவும் தமிழுமா ஒரு பேனரக் கட்டிக்கிட்டு பஸ்ஸு வந்ததும், அம்மாவுக்குத்தான் அஞ்சலி பேனர் அடிச்சுக்கிட்டு வந்திருக்காங்கன்னு ஊரே நெனச்சுப்போடுச்சு. எனக்கு மட்டும் அம்மா ராத்திரி ராத்திரி உக்கார வெச்சு தமிழ் எழுத்து சொல்லிக் குடுத்திருந்தாங்க. பொறந்தூட்டுல இருந்து என்னைக்காவது கடுதாசி வந்தா நான் படிச்சுச் சொல்லோணுமாம். கடுதாசியும் வரல. படிச்சது அந்த பேனரத்தான்."

"அப்போ ராஜாமணி அம்மா காதுல என்ன சொன்னீங்க?"

"'நீங்க ஆருன்னு எனக்குத் தெரியும், போயறாதீங்கம்மா, ஊரு பாக்குது, ஒரு நாழி அழுதுட்டுப் போங்க'ன்னேன்." பந்திப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அழுங்கன்னு மட்டுந்தாங்ண்ணா கேட்டேன். சேலை நான் கேக்கல."

திரும்பிப் பார்த்தேன். பந்தியில் ராஜாமணி அம்மா யாருக்கோ பாயசம் ஊற்றச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகக் கட்டின புருஷனிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் கேட்டேன். "சொன்னா அவரு ஊருக்கெல்லாம் சொல்லித் தீத்துருவாரு. ஏமாத்திட்டோம்னு நெனச்சுக்கிட்டே இருந்தா, ஒழுங்கா சீர் செய்வாருல்ல?" என்றார்.

அதனால் குப்புசாமிக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஆள் வைத்து இதை எழுதுகிற துணிச்சல்கூட, அவர் பேப்பரில் தங்கம் விலையைத் தவிர எதையும் படிக்க மாட்டார் என்கிற நம்பிக்கையில்தான்.

எங்கள் வீட்டில் இப்போது எங்களைக் கூப்பிடாத விசேஷத்துக்குப் போகலாமா என்று பேச்சு வந்தால், "நமக்காகத்தான் மேளம், எறங்குங்க" என்பாள் என் மனைவி. தெருவில் மேளம் கேட்டால் என் மகள் ஓடிவந்து கதவைச் சாத்தி, "அப்பாவ வெளிய விடாதீங்க" என்று கத்துவாள். அவளும் கன்னடப் பள்ளிக்கூடம்தான். சாப்பிட்ட பிறகு நாங்கள் இருவரும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்துப் படிக்கிறோம். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். போன வாரம் செல்வி தன் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகையை அனுப்பியிருந்தாள், தமிழில் அடித்து. அந்த ஊரில் அதை யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். தாய்வழித் தாத்தா என்ற இடத்தில் குப்புசாமி பெயர் இருந்தது. அழைப்பவர்கள் என்ற இடத்தில் 'காலஞ்சென்ற' என்று போட்டுச் செல்வியின் அம்மா பெயரும் இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் பிறந்த ஊரும்.

"அப்பா, இது நெஜமாவே நமக்குத்தான் வந்திருக்கு" என்றாள் மகள். பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டேன்.